அட்டைப் பெட்டியில் மலை செய்வது எப்படி

ஊட்டிச் சுற்றுலா முடிந்து வந்த மறுநாள், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் எழுந்து நின்றான். "ஏனுங்க டீச்சர், மலைன்னா மேல போகப் போகக் கூராத்தானுங்களே ஆகோணும்? அங்க ஏரி இருக்குது, பஸ் ஸ்டாண்டு இருக்குது, குதிரை ரேஸ் கிரவுண்டு இருக்குது. அப்ப நாம ஏறுனது மலை இல்லீங்களா?"

"நீலகிரி ஒரு பீடபூமி" என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். பீடபூமி என்றால் என்ன என்று கேட்டால் "உயர்ந்த சமநிலம்" என்று ஒப்பித்திருப்பான். ஆனால் அவன் கேட்ட கேள்வி அப்படியேதான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் மளிகைக் கடையில் நான்கு பிஸ்கட் அட்டைப் பெட்டி வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் மலையை வெட்டினேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தினேன். அந்தக் கேள்விக்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது ஒரு மலையையோ பீடபூமியையோ அட்டையில் செய்தோம். சிகரங்களின் உயரத்தை எண்ணாக மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். அதே மலையை அடுக்கடுக்காகத் தன் கையால் வெட்டி ஒட்டிய பிள்ளை பத்து ஆண்டு கழித்துச் சந்தையில் பார்த்தாலும் அதன் வடிவத்தைக் கையாலேயே காட்டுகிறது. வீட்டிலோ பள்ளியிலோ நீங்களும் செய்யலாம் என்பதற்காகத்தான் முறையை எழுதுகிறேன்.

முதலில் கோட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வேலைக்கு ஆதாரம் சம உயரக் கோடு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் இணைத்து வரைந்த கோடு அது. சொல்லிப் புரியவைப்பதைவிட அணைக்கரைக்குக் கூட்டிப் போவது நல்லது. நான் திருமூர்த்தி அணைக்குக் கூட்டிப் போவேன். கோடையில் தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் வரிவரியாகத் தடம் விட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு நாள் தண்ணீர் நின்ற மட்டம். கரை செங்குத்தாக இருக்கும் பக்கம் வரிகள் நெருங்கி இருக்கும். சரிவு மெதுவாக இறங்கும் பக்கம் வரிகள் தள்ளித் தள்ளி இருக்கும். வரைபடத்தில் மலையைப் படிப்பதற்கு வேண்டிய பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தக் கோட்டுக்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. 1774-இல் நெவில் மாஸ்கெலின் என்ற வானியலாளர் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பு அதை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறது என்று அளந்தார். அதை வைத்துப் பூமியின் எடையையே கணக்கிடுவது திட்டம். அதற்கு முதலில் மலையின் பருமன் தெரிய வேண்டும். கணக்குப் போடும் பொறுப்பு சார்லஸ் ஹட்டன் என்ற கணித அறிஞரிடம் வந்தது. மலையெங்கும் அளந்த உயரங்கள் தாளில் எண்களாகச் சிதறிக் கிடந்தன. ஒரே உயரமுள்ள புள்ளிகளை அவர் கோட்டால் இணைத்தார். மலை வடிவம் தாளில் எழுந்து வந்தது. நாம் அட்டையில் செய்யப்போவதும் அதே வேலைதான்.

வரைபடம் எங்கே கிடைக்கும்

எங்கள் பள்ளியில் இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட் ஒன்று, அதாவது நிலத்தின் உயரத்தையும் கோடுகளால் காட்டும் வரைபடத் தாள், இருந்தது. பழைய எண் முறைப்படி 58 ஏ/15. குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மூன்றும் அந்த ஒரே தாளில் வரும். 50,000-இல் 1 பங்கு அளவு. அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் நிலத்தில் 1 கி.மீ. பழுப்புக் கோடுகள் எல்லாம் சம உயரக் கோடுகள். 20 மீட்டருக்கு ஒரு கோடு, ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடித்தது. அப்படித் தடித்து வரைவது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: சரிவு 45 பாகை இருந்தால், அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே தாளில் 0.4 மி.மீ. இடம்தான் இருக்கும். கண்ணால் எண்ண முடியாது. தடித்த கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் 100, 200, 300 என்று நூறு நூறாக ஏறிப் போகலாம்.

டோப்போ ஷீட் கிடைக்காதவர்களுக்கு இப்போது கவலையில்லை. ஓபன்டோப்போமேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் உலகத்தின் எந்த மலையையும் கோடுகளோடு பார்க்கலாம். இது போன்ற வரைபடங்களின் உயரக் கணக்கு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்ததிலிருந்து வருகிறது. அளவுகோல் இல்லாமல் மட்டும் அச்செடுக்காதீர்கள். பிரின்டரும் ஜெராக்ஸும் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கும், பெருக்கும். படத்தின் மூலையில் இருக்கும் அளவுக் கட்டையும் சேர்ந்து அச்சாக வேண்டும். அச்சான பிறகு ஸ்கேலை வைத்து 1 கி.மீ. எத்தனை மி.மீ. வருகிறது என்று அளந்து தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து வரும் கணக்கு முழுவதும் அந்த ஒரு எண்ணை நம்பி இருக்கிறது.

கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள்

மாதிரி செய்பவர்கள் பலரும் தவிர்க்கும் இடம் இதுதான். கண்காட்சிகளில் இமயமலையை விரல் உயரத்துக்குச் செய்து வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், பிள்ளை மனதில் தப்பாகப் பதியும்.

வகுப்பில் இருக்கும் 30 செ.மீ. உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் விட்டம் ஏறக்குறைய 12,742 கி.மீ. எவரெஸ்ட் 8,848.86 மீ. அந்த உருண்டையின் அளவில் எவரெஸ்ட் 0.2 மி.மீ. ஜெராக்ஸ் தாள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய கனம், அவ்வளவுதான். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்களையே கணக்குப் போடவைத்து, தாளைக் கிள்ளி உருண்டைமேல் ஒட்டச் சொல்லுங்கள்.

ஆகவே எந்த மாதிரியிலும் உயரத்தை உண்மையைவிடக் கொஞ்சமோ நிறையவோ கூட்டித்தான் காட்ட வேண்டியிருக்கும். கூட்டுவது தப்பில்லை, எத்தனை மடங்கு கூட்டினோம் என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு.

கணக்கு எளிது. ஓர் அட்டை எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்று முடிவு செய்யுங்கள். அதை, 1 கி.மீ.க்கு எத்தனை மி.மீ. என்று அளந்தீர்களே, அந்த எண்ணால் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். வருவதுதான் அட்டைக்கு இருக்க வேண்டிய உண்மையான கனம். டோப்போ ஷீட்டில் 1 கி.மீ. 20 மி.மீ. அட்டை ஒன்றுக்கு 100 மீ. என்றால் கனம் 2 மி.மீ. இருக்க வேண்டும். மூன்று பிளை அட்டைப் பெட்டியின் கனம் ஏறக்குறைய 3 மி.மீ. அப்படியானால் உயரத்தை ஒன்றரை மடங்காகக் காட்டுகிறோம். "உயரம் 1.5 மடங்கு" என்று அடிப்பலகையில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

வேண்டியவை: ஒரே கனமுள்ள அட்டைப் பெட்டிகள், கார்பன் பேப்பர், பேப்பர் கட்டர், இரண்டு கோணி ஊசி, ஃபெவிகால், அடிக்கு ஒரு பிளைவுட் துண்டு. தெர்மாகோல் வேண்டாம் என்பது என் கருத்து. உருண்டை உருண்டையாக உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும், எனாமல் பெயின்ட் பட்டால் கரைந்து குழியாகும்.

முதல் தடவைக்கு முழு டோப்போ ஷீட்டையும் எடுக்காதீர்கள். அது 55 செ.மீ. சதுரம், பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 36 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் அது 18-க்கு 10 கி.மீ.

300 மீ. மட்டம் அடி அட்டை. அது முழுச் செவ்வகம். அடுத்த அட்டையில் வரைபட நகலைக் கார்பன் வைத்துப் போட்டு இரண்டு கோடுகளை நகலெடுக்க வேண்டும்: வெட்டவேண்டிய 400 மீ. கோட்டை அழுத்தி, அதற்கு அடுத்த 500 மீ. கோட்டை லேசாக. வெட்டுவது 400-இல் மட்டும். லேசாக வரைந்த 500 மீ. கோடு, மேலே வரும் அட்டையை எங்கே வைத்து ஒட்டுவது என்பதற்கு அடையாளம். இதை விட்டுவிட்டால் நான்காவது அட்டையில் மலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதோடு, எல்லா அட்டையிலும் ஒரே இரண்டு புள்ளிகளைக் குறித்துக் கோணி ஊசியால் துளைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது ஊசிகளை நிறுத்திவைத்து, நடுக்கம்பியில் இட்லித் தட்டு கோப்பது போல அட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினால் துளிகூட விலகாது.

பேப்பர் கட்டரை ஒரே அழுத்தாக அழுத்தாமல், ஒரே தடத்தில் மூன்று நான்கு முறை மெதுவாக இழுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வரையட்டும், ஒட்டட்டும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். அட்டையின் உள்ளே ஓடும் மடிப்புகளைக் கவனியுங்கள். ஓர் அட்டையில் மடிப்பு நீளவாக்கில் ஓடினால் அடுத்ததில் குறுக்குவாக்கில் ஓட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் பசை காயும்போது மாதிரி படகு மாதிரி வளைந்துகொள்ளும். மூன்று அட்டைக்கு ஒரு தடவை நிறுத்தி, மேலே அம்மிக்கல்லையோ தடித்த புத்தகங்களையோ வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

அட்டையை மிச்சம் பிடிக்க அடுக்குகளின் நடுவைக் குடைந்து, ஓரத்தை வளையமாக மட்டும் ஒட்டுவோரும் உண்டு. கூம்பு மலைக்கு அது சரிப்படும். பீடபூமிக்கு ஆகாது, நடுவில் தாங்க ஒன்றுமில்லாமல் மேல்தளம் குழிந்துபோகும்.

300-இலிருந்து 1,800 வரை 16 அட்டை. 1,800-க்கு மேலே இருக்கும் குன்றுகளை முதல் முயற்சியில் விட்டுவிடலாம். முடித்ததும் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் அட்டைகள் அகல அகலமாக விரிந்து கிடக்கும். மலையடியில் இருக்கும் கல்லாற்றைத் தாண்டியதும் பத்துப் பன்னிரண்டு அட்டைகளின் விளிம்புகள் விரல் அகல இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குன்னூர் வந்ததும் மறுபடி இடம் கிடைக்கும். மேடும் பள்ளமுமாக, ஆனால் நடக்கத் தோதான இடம். பீடபூமி என்றால் மேசைப் பலகை போலச் சமமாக இருக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். ஏறி முடித்த பிறகும் நடக்க நிலம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மிச்சம் இருந்தால் பீடபூமி. ஏற ஏற நிலம் குறைந்து கடைசியில் காலடிக்கு மட்டும் இடம் இருந்தால் அது சிகரம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நாம் ஏறியது மலைச்சரிவு. பஸ்ஸை விட்டு இறங்கி நின்ற இடம் பீடபூமி.

மாதிரிமேல் ஊட்டி மலை ரயில் பாதையை ஒரு கறுப்பு நூலால் ஒட்டச் சொல்லுங்கள். நெருக்கமான விளிம்புகளின் நடுவே நூல் எங்கெல்லாம் சுற்றி வளைந்து போகிறது என்று பார்த்தாலே, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும் அந்த ரயிலுக்குப் பல்சக்கரம் ஏன் வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். 12 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் ஏறும் பாதை அது.

பிள்ளைகள் இங்கே கட்டாயம் கேட்பது, "இது என்ன கல்லுங்க டீச்சர்?" நீலகிரியின் பாறை சார்னோகைட். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைப் பலகையும் இதே வகைக் கல். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தார். கல் மட்டும் சென்னையின் புனித தோமையார் மலைப் பக்கத்திலிருந்து போனது. அந்த மலைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில் உறவினர் உள்ள பிள்ளைகள் அடுத்த விடுமுறையில் கையில் ஒரு துண்டோடு வந்து நிற்பார்கள்.

இரண்டாவதாகக் கிளிமஞ்சாரோ

பீடபூமியைச் செய்த கையோடு அதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்குத் தான்சானியாவின் கிளிமஞ்சாரோவைவிட நல்ல மலை எனக்குக் கிடைக்கவில்லை. மலைத்தொடர் எதிலும் சேராமல், சமவெளியில் தன்னந்தனியாக நிற்கும் எரிமலை. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் பூமியின் மேலோடு இழுபட்டு விரியும் பகுதியில் பிறந்தது. நான்கு பக்கமும் வெட்டலாம், நான்கு பக்கமும் கதை வேறு.

1 கி.மீ.க்கு 5 மி.மீ. வரும்படி அச்செடுங்கள். அட்டை ஒன்றுக்கு 500 மீ. உண்மைக் கனம் 2.5 மி.மீ.; நம் அட்டை 3 மி.மீ. உயரம் 1.2 மடங்குதான். ஏறக்குறைய உள்ளது உள்ளபடியே. 1,000-இலிருந்து 5,500 வரை 10 அட்டை.

வெட்டும்போது பேசிக்கொண்டே வெட்டுங்கள், ஏனென்றால் ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்று தெரியவரும். கீழ் அட்டைகள் அகன்று, நீள்வட்டமாக இருக்கும். 3,500-இல் மேற்குப் பக்கம் மட்டும் அட்டை அகலமாகத் துருத்தி நிற்கும். அது ஷிரா. கிளிமஞ்சாரோ என்பது ஒட்டி நிற்கும் மூன்று எரிமலைகள்; அவற்றில் மூத்தது இது. இடிந்து தேய்ந்து, இப்போது மலைக்குள்ளேயே ஒரு சின்னப் பீடபூமியாகக் கிடக்கிறது. 4,500-இல் திடீரென்று ஒரு கோடு இரண்டாகப் பிரியும். பெரியது கீபோ, கிழக்கே இருக்கும் சிறியது மாவென்சி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தாழ்வான மேட்டைப் புவியியலில் சேணம் என்கிறோம். குதிரைமேல் சேணம் போட்டது போல இரு பக்கம் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். 5,000-இல் மாவென்சி மிளகு அளவுக்குச் சுருங்கிவிடும். அதன் உச்சி 5,149 மீ. 5,500-இல் கீபோ மட்டும் மிஞ்சும்.

கீபோவின் உச்சியைக் கூராக்கிவிடாதீர்கள். அங்கே 2.5 கி.மீ. அகலத்துக்கு எரிமலை வாய் இருக்கிறது. நம் அளவில் 12 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. அட்டையின் மேல்தாளை மட்டும் உரித்து மெல்லிய வளையமாக வெட்டி மேலே ஒட்டுங்கள். அந்த விளிம்பில் ஓர் இடம்தான் உகுரு சிகரம், 5,895 மீ., ஆப்பிரிக்காவிலேயே உயர்ந்தது. குண்டூசியால் ஒரு காகிதக் கொடி குத்திவிடலாம்.

எங்கள் பள்ளியில் செய்த முதல் கிளிமஞ்சாரோவை மைதாப் பசையால் ஒட்டியிருந்தோம். கோடை விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது எலிகள் மாவென்சியையும் பாதிக் கீபோவையும் தின்றிருந்தன. ஐந்து பிள்ளைகளின் மூன்று வார உழைப்பு. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது நஞ்சு; பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு ஃபெவிகால் மட்டும்தான்.

இது முடிந்ததும் ஒரு சோதனை வைப்பேன். கண்ணைக் கட்டிவிட்டு, எது நீலகிரி, எது கிளிமஞ்சாரோ என்று தடவிச் சொல்ல வேண்டும். பார்வை மிகவும் குறைந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். மற்றவர்கள் உச்சியைத் தேடிக் கையை மேலே கொண்டுபோனார்கள். அவள் அடியிலிருந்து இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல ஏறி, "இங்க ஒரு தங்கச்சி மலை இருக்குதுங்க டீச்சர்" என்று மாவென்சியை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து நானும் அடியிலிருந்தே தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கணவாயைச் செய்ய ஐந்தே அட்டை

மலையில்லாத இடமும் ஒரு நிலவடிவம்தான். பாலக்காட்டுக் கணவாயைச் செய்து பார்த்தால் இது விளங்கும். 1 செ.மீ.க்கு 5 கி.மீ. அளவில், 500 மீட்டருக்கு ஓர் அட்டை: 500, 1,000, 1,500, 2,000, 2,500. உயரம் 3 மடங்கு. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீ., தெற்கே ஆனைமலையில் ஆனைமுடி 2,695 மீ. இரண்டு பக்கமும் ஐந்தாவது அட்டை வரை ஏறும். நடுவில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு, நம் அளவில் 6 செ.மீ.க்கு, ஒரு அட்டைகூட வராது. கணவாயின் தளம் 140 மீட்டர் அளவில்தான் இருக்கிறது.

உடுமலைக்காரர்களுக்கு இந்த 6 செ.மீ. இடைவெளி மனப்பாடம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்கும்போது, இந்த வாசல் வழியாக உள்ளே பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழியாகத் தெரிவதில்லை; ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். மாதிரியின் மேற்குப் பக்கம் ஒரு டேபிள் ஃபேனை வைத்து, கிழக்குப் பக்கம் குண்டூசிகளில் டிஷ்யூ தாள் கொடிகளைக் குத்துங்கள். மலைக்குப் பின்னால் இருக்கும் கொடிகள் துவண்டு கிடக்க, இடைவெளிக்கு நேரே இருக்கும் கொடிகள் படபடக்கும். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் ரயில் இந்த வழியாகவே போவதும் அப்போது தானாகப் புரியும்.

திபெத்தைக் கடைசிக்கு வையுங்கள்

மற்றவற்றில் கை பழகிய பிறகுதான் இதைத் தொட வேண்டும். திபெத்தியப் பீடபூமி சுமார் 25 லட்சம் சதுர கி.மீ.; சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல். இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கி இன்னும் தள்ளிக்கொண்டே இருப்பதால் உயர்ந்தது.

1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்று வைத்தால் பீடபூமி ஏறக்குறைய 50 செ.மீ. நீளம் வரும். 1,000 மீட்டருக்கு ஓர் அட்டை. உண்மைக் கனம் 0.2 மி.மீ.தான், நம் அட்டையால் உயரம் 15 மடங்காகிறது. இதை மறைக்கக் கூடாது. அட்டை மாதிரிக்குப் பக்கத்திலேயே அதே வடிவத்தை உண்மை அளவிலும் வெட்டி வையுங்கள். 4,500 மீ. என்பது 0.9 மி.மீ. சார்ட் பேப்பரை நான்கைந்தாக ஒட்டினால் வந்துவிடும். உலகத்தின் கூரை என்று படிக்கும் இடம், மெல்லிசாக வார்த்த ரவா தோசை கனத்தில் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

அட்டை மாதிரியில் 1,000 முதல் 4,000 வரையிலான விளிம்புகள் தெற்கே, இமயமலைப் பக்கம், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நெருங்கி நிற்கும். கங்கைச் சமவெளியிலிருந்து எண்ணாயிரம் மீட்டர் சிகரங்கள் வரை தாளில் மூன்று செ.மீ. தூரம்தான். வடக்கே திரும்பினால் 4,000 மீட்டர் அட்டை ஒரு மைதானம் போலப் பரந்து கிடக்கும்.

இப்போது எவரெஸ்ட்டையும் கிளிமஞ்சாரோவையும் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி கேட்கலாம். திபெத் பக்க அடிவார முகாம் ஏறக்குறைய 5,150 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து எவரெஸ்ட் எழுவது 3,700 மீட்டர் அளவுக்கு. கிளிமஞ்சாரோ தன் காலடிச் சமவெளியிலிருந்து ஏறக்குறைய 5,000 மீட்டர் எழுகிறது. அண்ணன் தோளில் உட்கார்ந்த பிள்ளை உயரமாகத் தெரிவது போல, எவரெஸ்ட் திபெத்தின் தோளில் நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து அளப்பது ஒன்று, காலடியிலிருந்து அளப்பது வேறு. ஹவாய்த் தீவின் மவுனா கேயாவைக் கடலடியிலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். கடலுக்கு மேலே தெரிவது 4,207 மீ.

வண்ணம் பூசும் முன்

அடுக்கு விளிம்புகளைக் காகிதக் கூழால் மூடி வழவழப்பாக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நான் மூடுவதில்லை. அந்த விளிம்புகள்தான் சம உயரக் கோடுகள்; மூடிவிட்டால் பாடமே மறைந்துவிடும். தக்காணப் பீடபூமியைச் செய்தால் மூடவே கூடாது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு தட்டுத் தட்டாகப் பரவி உறைந்த பகுதி அது. மகாராஷ்டிரத்தில் மலைச்சரிவுகளே படிக்கட்டு போலத்தான் இருக்கின்றன. தக்காண டிராப் என்ற பெயரில் வரும் டிராப், படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பீடபூமியைச் செய்யும்போது அடியில் மேற்குப் பக்கமாக ஒரு பென்சிலை வைத்து லேசாகத் தூக்கிக் காட்டுங்கள். கோதாவரியும் கிருஷ்ணாவும் அரபிக் கடலுக்கு அருகிலேயே பிறந்தும் ஏன் கிழக்கே வங்கக் கடலுக்கு ஓடுகின்றன என்பது அந்தச் சாய்விலேயே இருக்கிறது.

வண்ணத்தில் ஓர் எச்சரிக்கை. தாழ்ந்த இடத்துக்குப் பச்சை, பிறகு மஞ்சள், பழுப்பு, உச்சிக்கு வெள்ளை என்பது அட்லஸ் வழக்கம். பிள்ளைகள் பச்சையைக் காடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு 86 மீ. கீழே இருக்கிறது, அட்லஸ் முறையில் அது அடர்பச்சை. அங்கே புல்கூட அரிது. "நிறம் உயரத்தைக் காட்டுகிறது, செடியைக் காட்டவில்லை" என்று மாதிரியின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எண்ணெய் பெயின்ட் வேண்டாம், போஸ்டர் கலர் போதும். அட்டையின் மேற்பரப்பில் மட்டும் பூசி, விளிம்பை அட்டை நிறத்திலேயே விட்டால் கோடுகள் தெளிவாக நிற்கும். ஆறுகளுக்கு நீல நூல். வரைபடத்தில் கோடுகள் 'வி' போல மடியும் இடத்தில் மடிப்பின் கூர் முனை ஆறு வரும் திசையை, அதாவது மேட்டைக் காட்டும். நூலை அந்த முனைகளின் வழியாகக் கோத்துக்கொண்டே வந்தால் ஆறு தானாக இறங்கி வரும்.

கடைசியாக அடிப்பலகையில் நான்கு விவரம்: எந்த இடம், வடக்கு எந்தப் பக்கம், 1 கி.மீ.க்கு எத்தனை மி.மீ., உயரம் எத்தனை மடங்கு. செய்த பிள்ளைகளின் பெயரைப் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தரையில் வைக்காமல் பீரோவுக்கு மேலே, பழைய வேட்டியால் மூடி வையுங்கள். எலித் தொல்லை உள்ள அறையானால் தகரப் பெட்டிதான் சரி.